ஒரு ஈடு ஈயம்

ஈயம் காய்ச்சுகிற நாளில் எங்கள் வீட்டுப் பின்முற்றத்துக்குப் பிள்ளைகள் போகக்கூடாது. பாட்டாவின் சட்டம் அது (எங்கள் ஊரில் தாத்தாவைப் பாட்டா என்போம்). வயிற்றுப்பிள்ளைக்காரி யாராவது வீட்டில் இருந்தால் அன்றைக்கு ஈயமே கிடையாது. காரணம் கேட்டால் "விஷமாக்கும்" என்ற ஒரு சொல்லோடு முடித்துவிடுவார். ஈயம் எந்த வழியாக உடம்புக்குள் போகிறது, பிள்ளைகளின் மூளையை என்ன செய்கிறது என்பதெல்லாம் பல வருடம் கழித்துப் படித்துத் தெரிந்துகொண்டேன். படிக்காத மனுஷர் அதற்கு முன்பே சரியாகச் சொல்லியிருந்தார்.

எங்கள் வீடு தேங்காப்பட்டணத்துக்குப் பக்கம். குழித்துறை ஆறு கடலில் சேருகிற பொழிமுகம் நடந்துபோகிற தூரம். வடக்கே போனால் களியக்காவிளை, அதைத் தாண்டினால் பாறசாலை, கேரளம். பாட்டாவுக்குக் கடல் தொழில் கிடையாது. ரப்பர் வெட்டுதான் தொழில். சாயங்காலம் வீச்சு வலையைத் தோளில் போட்டுக்கொண்டு பொழிக்குப் போவது அவருடைய தனிக்கிறுக்கு. மடவை, கரிமீன், சில நாள் ஒரு கை இறால். சில நாள் ஒன்றுமில்லாமல் நனைந்த வேட்டி மட்டும்.

வீச்சு வலை வட்டமாக விரிந்து விழுவது வீசுகிறவன் கையில் இருக்கிறது. விழுந்தபிறகு மீன் தப்புவதற்குள் தரையில் உட்காருவது விளிம்பில் கோத்திருக்கும் ஈய மணியில் இருக்கிறது. மணி குறைந்த வலை தண்ணீருக்குள் குடைபோல மிதந்து இறங்கும், மீன் அடியில் புகுந்து போய்விடும். பாட்டாவின் வலைக்கு 336 மணி. ஒவ்வொன்றும் 12 கிராம். மொத்தம் 4 கிலோவும் கொஞ்சமும். பாறையில் உரசியும் சேற்றில் சிக்கியும் மணி உதிரும், அதனால் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மொத்தமாக வார்க்க வேண்டியிருக்கும்.

அச்சு இரும்பில் செய்தது. கொல்லனிடம் சொல்லிச் செய்த இரண்டு பலகை, கதவுபோல மூடித் திறக்கும், உள்ளே எட்டுக் குழி. ஒரு வார்ப்புக்கு எட்டு மணி. வாய் பிளந்த மணி அது; கயிற்றில் மாட்டி, சுத்தியலால் இரண்டு தட்டு தட்டினால் வாய் மூடிக் கயிற்றைக் கவ்விக்கொள்ளும்.

42 வார்ப்பு வேண்டும். பாட்டா அதை ஒரே உட்காரலில் முடிப்பார். எனக்குப் பத்து வயதாகி, சட்டம் கொஞ்சம் தளர்ந்து, கிணற்றடிவரை வரலாம் என்று ஆனபோது கேட்டேன்: நாலு நாளாகப் பிரித்து, தினம் பத்து வார்ப்பு செய்தால் இடுப்பு வலிக்காதே?

"மொத வார்ப்பு நாலஞ்சு சவமாட்டுத்தான் வரும் மக்களே. அச்சு சூடாகாண்டாமா?"

அவ்வளவுதான் அவர் சொன்னது. கணக்கு நான் போட்டது. குளிர்ந்த அச்சில் ஊற்றினால் ஈயம் குழியின் மூலைக்குப் போவதற்குள் உறைந்துவிடும். மணி கிழவி கன்னம்போலச் சுருங்கி வரும். முதல் ஐந்து வார்ப்பை அப்படியே சட்டிக்குள் திரும்பப் போட வேண்டியதுதான். நாலு நாள் பிரித்தால் அந்த ஐந்தும் நாலு தடவை. 42 நல்ல வார்ப்புக்கு 20 வீண் வார்ப்பு. எரிக்கிற சிரட்டை வீண், நேரம் வீண். சட்டியைச் சூடேற்றுகிற முக்கால் மணி நேரமும் நாலு தடவை.

அச்சு சூடேறிவிட்டது என்றால் ஒரு தாளம் பிடிக்கும். ஊற்று, எண்ணு, திற, தட்டு, மூடு. இந்தத் தாளத்தில்தான் விஷயம் இருக்கிறது. வேகம் கூடினால் அச்சு அளவுக்குமேல் சூடாகி மணி பளபளப்பு இல்லாமல் பனி படிந்ததுபோல வரும். வேகம் குறைந்தால் மறுபடி சுருக்கம். நடுவில் எழுந்து யாரிடமாவது பேசிவிட்டு வந்தால் அடுத்த இரண்டு வார்ப்பு போச்சு. அதனால் ஈயம் காய்ச்சும்போது பாட்டா யாரோடும் பேசமாட்டார். அந்த நாளில் அவர் காதில் போய் எதையாவது சொன்னால் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியதுபோல முகத்தை வைத்துக்கொள்வார். ஊரில் அந்த வசனத்துக்குப் பொருத்தமான ஆள் அவர் ஒருவர்தான்.

இப்படி ஒரே மூச்சில் செய்து முடிக்கிற ஒரு தொகுதிக்கு நம் வீடுகளில் ஒரு சொல் இருக்கிறது. ஈடு. ஒரு ஈடு இட்லி, இரண்டு ஈடு இட்லி. தொழிற்சாலைக்காரர்கள் பேட்ச் என்கிறார்கள். தமிழில் எழுதுகிறவர்கள் தொகுதி, தொகுப்பு, அணி என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள். அடுப்பங்கரையில் அந்தச் சொல் எப்போதோ தயாராக இருந்தது. ஈடு என்றால் சமம், ஈடு என்றால் அடமானம், நஷ்டத்தைச் சரிக்கட்டுவதும் ஈடு. ஒரு ஈடு கெட்டால் ஈடு கட்ட வேண்டும் என்று எழுதலாம். எழுதிவிட்டேன், மன்னிக்கவும்.

பாட்டாவின் ஈடு ஒன்று கெட்டதை நான் பார்த்தேன்.

அவர் ஈயம் வாங்குவது ஆக்கர் கடையில், அதாவது பழைய சாமான் கடையில். பெரும்பாலும் பழைய டெலிபோன் கேபிளின் மேலுறை. அது கிட்டத்தட்டச் சுத்தமான ஈயம், நகத்தால் கீறினால் கோடு விழும். பேட்டரி ஈயம் மட்டும் வேண்டவே வேண்டாம் என்பார். அமிலத்தில் ஊறியது, உருக்கினால் வருகிற புகை வேறு ஜாதி என்பது அவர் சொன்ன காரணம். வேதியியலும் அதையேதான் சொல்கிறது. பழைய பேட்டரித் தகடுகளில் ஆர்செனிக், ஆன்டிமனி எல்லாம் உண்டு. அது வீட்டு முற்றத்தில் தொடக்கூடிய சரக்கு இல்லை.

ஒரு வருடம் கேபிள் ஈயம் 3 கிலோதான் கிடைத்தது. கடைக்காரர், மூடிப்போன ஓர் அச்சகத்திலிருந்து வந்த பழைய அச்செழுத்து இரண்டு கிலோ எடுத்துக்கொடுத்தார். க, ச, த, ழ என்று பொடிப்பொடியாகத் திருப்பிப் போட்ட எழுத்துகள். பாட்டா எல்லாவற்றையும் ஒரே சட்டியில் கொட்டினார். (நான் ஒரு ழ-வை மட்டும் திருடிவிட்டேன். இன்னும் மேஜை இழுப்பறையில் கிடக்கிறது.)

வார்ப்பு அபாரமாக வந்தது. மூலைமுடுக்கெல்லாம் கூர்மையாக, வெள்ளிபோல. பாட்டா முகத்தில் அன்று ஒரு சிரிப்பு. மறுநாள் வலையில் கோத்து முதல் தட்டு தட்டியபோது மணி இரண்டாக உடைந்தது. அடுத்ததும் உடைந்தது. பத்தில் ஏழு உடைந்தது.

அச்செழுத்து உலோகம் வெறும் ஈயம் இல்லை. ஈயத்தோடு ஆன்டிமனியும் வெள்ளீயமும் சேர்ந்தது. எழுத்தை வரிவரியாக வார்க்கிற லைனோடைப் இயந்திரத்துக்கு வழக்கமான கலவை 84 பங்கு ஈயம், 12 பங்கு ஆன்டிமனி, 4 பங்கு வெள்ளீயம். ஆயிரக்கணக்கான தாள் அழுத்தினாலும் எழுத்தின் முனை மழுங்கக்கூடாது என்பதற்காகச் செய்த கடினம் அது. அச்சை நன்றாக நிரப்பும். ஆனால் வளைக்கப்போனால் உடையும். வலை மணிக்கு வேண்டியது நேர்மாறான குணம்.

பாட்டா திட்டவில்லை, தலையில் கை வைக்கவில்லை. உடைந்ததையும் உடையாததையும் சட்டியில் போட்டார். ஆக்கர் கடைக்கு மறுபடி ஆளனுப்பி, அலைந்து திரிந்து, இன்னும் 7 கிலோ மென்மையான ஈயம் சேர்த்து உருக்கினார். இப்போது மணி உடையவில்லை. ஆனால் சட்டியில் இருந்தது 12 கிலோ. ஆயிரம் மணி. மூன்று வலைக்கான ஈயம். அதற்குப்பிறகு ஒரு வருடம் பொழிமுகத்தில் வலை வீசுகிற எல்லாரிடமும் பாட்டா மணி விற்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எட்டு மணி வார்த்து, ஆறவிட்டு, ஒன்றைத் தட்டிப் பார்த்துவிட்டு மீதியை ஊற்றியிருக்கலாம். அதை அவரும் சொன்னார். இன்னொன்றை அவர் சொல்லவில்லை, எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது. முன்னூற்றுச் சொச்சம் மணி கெட்டும் நஷ்டம் என்ன? ஒரு மூட்டைச் சிரட்டையும் ஒரு பகலும். ஈயம் கிராம் குறையாமல் அப்படியே இருந்தது. 327 டிகிரிக்குக் கொண்டுபோனால் பழைய தப்பையெல்லாம் மறந்துவிட்டு மறுபடி திரவமாகிற உலோகம் அது. இப்படி மன்னிக்கிற பொருள் உலகத்தில் ரொம்பக் கிடையாது.

வெகுநாள் கழித்து என்றேனே, அது டெக்சாஸில்.

அக்காவைக் கட்டியவர் தக்கலைக்காரர். அத்தான் அங்கே போய் இருபது வருடத்துக்கு மேல். நான் இரண்டு மாதம் போய்த் தங்கியிருந்தபோது ஒரு சனிக்கிழமை காலை கராஜுக்குள்ளிருந்து எனக்குத் தெரிந்த ஒரு வாசனை வந்தது. மெழுகும் உலோகமும் சேர்ந்து காய்கிற வாசனை. எட்டிப் பார்த்தால் அத்தான் தோல் கையுறை, முகக்கண்ணாடி, பின்னால் வெளிக்காற்றுக்கு ஒரு பெரிய மின்விசிறி சகிதம் ஈயம் காய்ச்சிக்கொண்டிருக்கிறார். வலைக்கு இல்லை. துப்பாக்கிக் குண்டு.

அங்கே இது ஒரு பொழுதுபோக்கு. குறிபார்த்துச் சுடுகிற மைதானத்துக்கு வாராவாரம் போகிறவர்கள், சுட்டபிறகு கிடைக்கிற பித்தளைக் கூடுகளைப் பொறுக்கிவந்து, தங்கள் சொந்த உபயோகத்துக்கு வீட்டிலேயே மறுபடி தோட்டா கட்டிக்கொள்வார்கள். அதற்குத் தனி உரிமம் தேவையில்லை. நம் நாட்டில் அப்படி இல்லை. 1959ஆம் வருட ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம், துப்பாக்கி உரிமம் கையில் இருந்தாலும்கூட. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லப்போவது அத்தானின் கராஜில் நடந்தது. களியக்காவிளையில் செய்துபார்க்கிற காரியம் இல்லை.

ஈயப் பகுதி எனக்குப் புதிதில்லை. அவருடைய மின்சாரச் சட்டி 9 கிலோ பிடிக்கும். அச்சில் ஆறு குழி. குண்டு ஒன்றின் எடை 158 கிரெயின் என்றார். 7000 கிரெயின் ஒரு பவுண்டு, அப்படியென்றால் நம் கணக்கில் ஒரு குண்டு 10 கிராமும் கொஞ்சமும். பாட்டாவின் மணியைவிடக் கொஞ்சம் சிறியது. முதல் சில வார்ப்பைப் பார்க்காமலே சட்டிக்குள் திருப்பிப் போட்டார். நடுவில் நான் ஏதோ கேட்டபோது பதில் சொல்லவில்லை. சட்டியில் கால்வாசிக்கு ஈயம் இறங்கியதும் நிறுத்தினார். கொஞ்சமாக இருக்கும்போது சூடு ஏறி இறங்கி அலைபாயும், வார்ப்பு கெடும் என்பதற்காக. அந்த ஒரு உட்காரலில் 600க்கு மேல் குண்டு. அத்தானும் பாட்டாவும் ஒருவரை ஒருவர் பார்த்ததுகூட இல்லை. அக்கா கல்யாணத்துக்கு முன்பே பாட்டா போய்விட்டார்.

அத்தானின் ஈயம் ஓரளவு கடினமாக இருக்க வேண்டும். மென்மையான ஈயத்தை வேகமாகச் சுட்டால் குழலுக்குள் தேய்ந்து அப்பிக்கொள்ளும். அதனால் அச்செழுத்து உலோகம் அங்கே பொக்கிஷம். பாட்டாவைக் கவிழ்த்த அதே சரக்கு! அதைச் சொன்னபோது அத்தான் விழுந்துவிழுந்து சிரித்தார். கார் சக்கரத்தில் சமநிலைக்கு மாட்டுகிற எடைகளும் உருக்குவார். அதில் ஒரு பொறி உண்டு. இப்போது வருகிற எடைகளில் பலது துத்தநாகம். ஈயம் 327 டிகிரியில் உருகும், துத்தநாகத்துக்கு 419 வேண்டும். சட்டியைச் சூடு குறைவாக வைத்து உருக்கினால் துத்தநாகத் துண்டு உருகாமல் மேலே மிதக்கும், கரண்டியால் எடுத்து எறிந்துவிடலாம். அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் அதுவும் உருகிக் கலந்து, சட்டி முழுக்கக் கஞ்சிபோல ஆகிவிடும், அச்சில் இறங்காது. அதனால் பழைய சரக்கை உருக்கிச் சுத்தம்பண்ணிக் கட்டியாக்குவது ஒரு நாள், குண்டு வார்ப்பது வேறு நாள். குண்டு வார்க்கிற சட்டிக்குள் தெரியாத சரக்கு எதுவும் போகாது. பாட்டா அன்றைக்கு விட்டது இதைத்தான்.

சரி, குண்டு 600 ஆயிற்று. மறுநாள் ஞாயிறு. தோட்டா கட்ட உட்கார்ந்தார். நானும் ஒரு நாள் முழுக்க உட்காரப்போகிறோம் என்று நினைத்து ஒரு பிளாஸ்க் காப்பியோடு போனேன். ஒன்றரை மணி நேரத்தில் 50 தோட்டா முடித்துவிட்டு, மேஜையைத் துடைத்து, மருந்து டப்பாவைப் பூட்டிவிட்டு எழுந்துவிட்டார்.

"அத்தான், மீதி 550?"

"அடுத்த வாரம் அம்பது. அதுக்கடுத்த வாரம் அம்பது."

"நேத்து அறுநூறு வார்த்தீங்களே?"

"நேத்து ஈயம் மாப்ள. இன்னைக்கு மருந்து, கேட்டியா?"

ஊரில் வெடிமருந்தை நாம் வெறுமனே மருந்து என்றுதான் சொல்வோம். இருபது வருடம் கழித்தும் அவர் வாயில் அந்தச் சொல்லே வந்தது.

தோட்டா கட்டுகிற வேலையை அவர் செய்ததைக் கவனித்தபோதுதான் ஒன்று புரிந்தது. இதில் ஒரே ஈடு என்று ஒன்று இல்லை. படிக்குப் படி ஈட்டின் அளவு மாறுகிறது. சுட்ட பித்தளைக் கூடுகளைக் கழுவித் தேய்ப்பது ஒரு வாளி நிறைய, ஆயிரம்கூட. அதில் தப்பு வந்தால் மறுபடி கழுவலாம். பழைய எரிமூடியை (கூட்டின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கிற சின்ன மூடி) குத்தி எடுத்து, விரிந்த கூட்டை அச்சுக்குள் தள்ளிப் பழைய அளவுக்குக் கொண்டுவருவது இருநூறு முந்நூறாக. கெட்டால் ஒரு கூடு கெடும், தூரப் போடலாம். புது எரிமூடி பொருத்துவது நூறு நூறாக, ஏனென்றால் எரிமூடியே நூறு வைத்த தட்டில் வருகிறது, ஒரு தட்டு காலியானால் நூறு கூடு முடிந்தது என்று கணக்கு தானாகச் சரியாகும். மருந்து போடுவது 50. அதற்கு மேல் ஒன்றுகூடக் கிடையாது. ஆபத்துப் பக்கம் போகப்போக ஈடு புனல்போலச் சுருங்குகிறது.

ஏன் 50? ஒரு மரக்கட்டை காண்பித்தார். ஐந்துக்குப் பத்தாக ஐம்பது குழி. கூடுகளை வாய் மேலே பார்க்க நிறுத்தி, எல்லாவற்றிலும் மருந்து போட்டுவிட்டு, குண்டு வைப்பதற்கு முன் ஒரு டார்ச்சை அடித்து ஐம்பதையும் ஒரே பார்வையில் பார்ப்பார். எல்லாக் கூட்டிலும் மருந்து ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒன்றில் காலியாக இருந்தாலும், ஒன்றில் இரட்டிப்பாக இருந்தாலும் கண் அங்கே போய் நிற்கும். பல்வரிசையில் ஒரு பல் இல்லாததை யாரும் எண்ணிக் கண்டுபிடிப்பதில்லையே, அதுபோல. 500 கூட்டை அப்படிப் பார்க்க முடியாது. கண் வழுக்கிவிடும்.

அவர் கட்டுவது .38 ஸ்பெஷல் என்கிற ரிவால்வர் தோட்டா. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், கரிமருந்து வழக்கத்தில் இருந்த காலத்தில் வந்தது. கரிமருந்து நிறையப் போட வேண்டியிருந்ததால் கூடு நீளமாக அமைந்தது. இன்றைய புகையில்லா மருந்து அதில் கொஞ்சம் போட்டால் போதும், கூடு முக்கால்வாசி காலியாகத்தான் நிற்கும். இரண்டு மடங்கு போட்டாலும் வழியாது, குண்டு ஒழுங்காக உட்கார்ந்துவிடும், வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. சுடும்போதுதான் தெரியும். கைவிரல் மிச்சமிருந்தால் புண்ணியம்.

காப்பி குடித்துக்கொண்டே இதை எப்படிக் கற்றுக்கொண்டார் என்று சொன்னார். புதிதாக இறங்கியபோது அவரும் என்னைப்போல யோசித்திருக்கிறார். ஒரே ராத்திரியில் 400 கட்டிவிட்டார். நடுவில் ஊரிலிருந்து போன், அவருடைய அம்மா. பேசிக்கொண்டே கை வேலை செய்தது. அடுத்த வாரம் மைதானத்தில் சுடும்போது ஐம்பதாவதோ அறுபதாவதோ ஒன்று "பொத்" என்றது. சத்தம் இல்லை, உதைப்பு இல்லை. பக்கத்தில் சுட்டுக்கொண்டிருந்த ஒரு கிழவர் "நிறுத்து" என்று கத்தியிருக்கிறார். அந்தக் கூட்டில் மருந்து இல்லை. எரிமூடியின் வேகத்தில் மட்டும் தள்ளப்பட்ட குண்டு குழலுக்குள் பாதியில் மாட்டி நிற்கிறது. பின்னாலேயே அடுத்ததைச் சுட்டிருந்தால் குழல் வெடித்திருக்கும்.

குழலில் மாட்டிய குண்டைத் தட்டி எடுத்தாயிற்று. வீட்டில் இருந்த மீதி முந்நூற்றுச் சொச்சம்? அதில் இன்னொன்று காலியாக இருக்கலாம். காலியாக ஒன்று இருந்தால், அதன் மருந்து அடுத்த கூட்டுக்குள் இரட்டிப்பாகப் போயிருக்கலாம். எது என்று தெரியாது. நாலு ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொரு தோட்டாவாகப் பிரித்து, குண்டு தனி, மருந்து தனி, கூடு தனி என்று ஆக்கினார். இன்னொரு காலி கூடு கிடைத்ததா என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல. எல்லாம் சரியாத்தான் இருந்திச்சு. ஆனா பிரிக்காம எப்படித் தெரியும்?"

இதுதான் என்னை வெகுநேரம் உலுக்கியது. பாட்டாவின் ஈடு முழுக்கக் கெட்டது. அவர் நஷ்டம் ஒரு பகல். அத்தானின் ஈட்டில் கெட்டது ஒன்றே ஒன்று. முழுசும் கெட்டதற்குச் சமம். ஈயத்தில் ஈடு பெரிதாக இருக்க வேண்டும் என்று சூடு கேட்கிறது. மருந்தில் ஈடு சிறிதாக இருக்க வேண்டும் என்று சந்தேகம் கேட்கிறது. இரண்டையும் ஒரே மேஜையில் ஒரே ஆள் செய்கிறார் என்பதால் ஒரே அளவாக வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். எனக்கு அப்படித் தோன்றியது, நாலு ராத்திரி போகும்வரை அத்தானுக்கும் தோன்றியிருந்தது.

அதற்குப்பிறகு அவருக்குச் சில பழக்கங்கள். மேஜையில் ஒரே ஒரு மருந்து டப்பா. கைபேசி கராஜுக்கு வெளியே. ஒவ்வொரு ஐம்பதுக்கும் ஒரு பெட்டி, பெட்டிமேல் தேதி, மருந்தின் பெயர், டப்பாவின் எண், குண்டின் எடை. புது டப்பா திறந்தால் ஐம்பதுகூட இல்லை, முதலில் பத்து, சுட்டுப் பார்த்த பிறகுதான் மீதி. ஒரு டப்பா மருந்துக்கும் அடுத்த டப்பாவுக்கும் வேகத்தில் கொஞ்சம் வித்தியாசம் இருக்கலாம். வருடத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று சோதனை. அக்கா கராஜுக்குள் வருவதில்லை, குழந்தைகளுக்கு அனுமதியே இல்லை. பாட்டாவின் சட்டம், கடல் தாண்டியும் அமலில் இருக்கிறது.

ஊர் திரும்பியபிறகு எனக்கு இது எங்கெங்கோ கண்ணில் பட ஆரம்பித்தது. தக்கலைக்குப் பக்கத்தில் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை இருக்கிறது. 1741இல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்த திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா, பிடிபட்ட அவர்களுடைய அதிகாரி டி லனாயைத் தன் படைக்கே தளபதியாக்கினார். அந்தக் கோட்டைக்குள் டி லனாயின் மேற்பார்வையில் பீரங்கி வார்க்கிற உலைக்கூடம் இருந்தது. 1777இல் இறந்த டி லனாயின் கல்லறையும் அங்கேதான். அத்தான் லீவில் வந்தால் அவர் வீட்டிலிருந்து நடந்தே போய்விடுவோம். பீரங்கிக்கு ஈடு என்ன என்று யோசித்துப் பாருங்கள். ஒன்றுதான். அச்சு ஒன்று, ஊற்றுவது ஒரே தடவை, நடுவில் உலோகம் பற்றாமல் போனால் முழுசும் போச்சு. மலையடிவாரத்தில் காட்டுப்பன்றிக்காக உரிமம் எடுத்து வைத்திருந்த பழைய நாட்டுத் துப்பாக்கிகளிலும் ஈடு ஒன்றுதான். வாய்வழியாக மருந்து, அடைப்பு, சில்லு என்று குழலுக்குள்ளேயே தயாரிப்பு நடக்கும். தேர்தல் வந்தால் அதையும் தூக்கிக்கொண்டு போய் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும்.

எல்லைக்கு அந்தப் பக்கம் கோவில்களில் வெடி வழிபாடு உண்டு, இந்தப் பக்கமும் சில கோவில்களில் உண்டு. 2016 ஏப்ரல் 10 அதிகாலை கொல்லம் மாவட்டம் பரவூர் புற்றிங்கல் கோவிலில் நடந்தது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். வெடித்துக்கொண்டிருந்த வாணத்தின் தீ, மீதி வெடிகளை அடுக்கிவைத்திருந்த கம்பப்புரையில் விழுந்தது. நூறு பேருக்கு மேல் செத்தார்கள். அன்றைக்கு டிவியில் யார் அனுமதி கொடுத்தது, யார் கொடுக்கவில்லை என்று பேசிக்கொண்டே இருந்தார்கள். அந்தக் கேள்வி முக்கியம்தான். எனக்கு அதைவிட முன்னால் வருகிற கேள்வி, அவ்வளவு மருந்து ஏன் ஒரே கூரைக்கடியில் இருந்தது என்பது. ஐம்பது கூடு கொண்ட மரக்கட்டையைப் பார்த்துவிட்டு வந்தவனுக்கு அப்படித்தான் கேட்கத் தோன்றும்.

இதற்கு எதிர்ப்பக்கம் அம்மாவின் முந்திரிக்கொத்து. வறுத்துப் பொடித்த சிறுபயறு, தேங்காய், எள் எல்லாம் போட்டு வெல்லப்பாகை ஊற்றிவிட்டால், ஆறுவதற்குள் உருட்டியாக வேண்டும். ஆறினால் பொலபொலவென்று உதிரும். அதனால் அம்மா மாவை அளப்பது படியால் இல்லை, உருட்ட எத்தனை கை வந்திருக்கிறது என்று பார்த்துத்தான். சித்தி வந்தால் இரண்டு கிலோ, தனியாக என்றால் அரைக்கிலோ. சூடு ஆறுவதற்குள் முடிகிற அளவு. அவளிடம் அத்தான் கதையைச் சொன்னபோது "அதுக்கு டெக்சாஸ் போய்ப் படிக்கணுமா?" என்று கேட்டாள்.

பாட்டாவின் அச்சு இப்போது என்னிடம். சட்டியும் அதே. கரண்டி மட்டும் புதிது. பழையது போனதற்கு ஒரு கதை உண்டு. என் இடது முன்கையில் மூன்று பொட்டுத் தழும்பாக இருக்கிறது அந்தக் கதை. கழுவி வைத்த கரண்டி, காய்ந்துவிட்டது என்று நினைத்துச் சட்டிக்குள் விட்டேன். கைப்பிடி சேருகிற இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருந்திருக்கிறது. ஈயத்துக்கு அடியில் போன தண்ணீர் நொடியில் ஆவியாகி மேலே இருப்பதை வீசி எறியும். முகக்கண்ணாடி போட்டிருந்ததால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஈயம் மன்னிக்கும் என்று மேலே எழுதியது தண்ணீர் விஷயத்தில் செல்லாது.

போன வருடம் ஜூனில் அத்தான் வந்தார். வலை மணி தேய்ந்துபோய்க் கிடந்தது. இரண்டு பேரும் உட்கார்ந்தோம், 42 வார்ப்பு ஒரே ஈடாக. முதல் ஐந்தை அத்தான் கேட்காமலே சட்டிக்குள் போட்டார். எட்டு நல்ல மணி வந்ததும் நிறுத்தி, ஒன்றைக் கயிற்றில் வைத்துத் தட்டிப் பார்த்தோம், பாட்டாவுக்கு மரியாதையாக. கவ்வியது. பிறகு தாளம் பிடித்தது. அத்தான் ஊற்ற, நான் திறந்து தட்ட. வார்த்த மணிகளை வரிசையாக அடுக்கி டார்ச் அடிக்கப்போனவரைத் தடுத்து, இது ஈயம் அத்தான் என்றேன்.

முப்பத்தேழாவது வார்ப்பில் இடவப்பாதி மேகம் தென்மேற்கே கறுத்துவிட்டது. பலாமரத்து இலையில் முதல் சொட்டு விழுகிற சத்தம் கேட்டது. இன்னும் அஞ்சுதானே, தகரத்தை மேலே பிடித்துக்கொண்டு முடித்துவிடலாம் என்றார் அத்தான். நான் முன்கையைக் காட்டினேன். தகரத்தால் சட்டியை மூடி, நெருப்பை இழுத்துவிட்டு, இரண்டு பேரும் திண்ணைக்கு ஓடினோம்.

மழை ராத்திரி முழுக்கப் பெய்தது. காலையில் சட்டியைக் கவிழ்த்துத் தட்டினேன். அடியில் மிச்சமிருந்த ஒரு கிலோச் சொச்சம் ஈயம் சட்டியின் வடிவத்திலேயே உறைந்து, நடுவில் கொஞ்சம் குழிந்து, வழவழவென்று வெளியே விழுந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு "இது ஒரு இட்லி ஈடு" என்றாள்.

296 மணி கோத்தாயிற்று. 40 குறைகிறது. அத்தான் ஊருக்குப் போய்விட்டார். வலை ஒரு பக்கம் மட்டும் குடைபோல மிதந்து இறங்குகிறது, மடவை அந்தப் பக்கம் பார்த்துத்தான் போகிறது.